தூது சென்ற செய்தி



1796ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் ஒரு சிறுவனுக்குப் பசு அம்மைப்பாலை ஏற்றிச் சோதித்தார். அதன்பின் நெடுங்காலம், வலுவிழந்த கிருமியையோ அதன் ஒரு கூற்றையோ உடலிற் செலுத்துவதே தடுப்பூசி முறையாக இருந்து வந்தது. 2020ஆம் ஆண்டில் கொரோனாக் கொள்ளைநோயின்போது கிருமிக்கு மாறாக, அதனைப் பற்றிய ஒரு செய்தியை மட்டும் செலுத்தும் ஊசி வழக்குக்கு வந்தது. அதன் வரலாற்றையே இன்று கூற விழைகிறேன்.

அன்னமும் கிளியும் மேகமும் தூது செல்வதை இலக்கியத்திற் படித்திருக்கிறீர்கள். நம் உயிரணுவினுள்ளும் ஒரு தூது நிகழ்கிறது. உட்கருவில் டி.என்.ஏ. என்னும் மூல ஏடு உள்ளது. அது வெளியே வருவதில்லை. வேண்டிய பகுதி மட்டும் படியெடுக்கப்பட்டு வெளியே வர, அதைப் பார்த்துப் புரதம் உருவாகிறது. அந்தப் படிக்கே தூது ஆர்.என்.ஏ., அதாவது எம்.ஆர்.என்.ஏ. என்று பெயர். 1961ஆம் ஆண்டில் பிரென்னர், ஜேக்கப், மெசல்சன் முதலிய அறிஞர்கள் இதனை மெய்ப்பித்தனர். 1980களில் இத்தூதைச் செயற்கையாகப் படைக்கும் வழியும் கைவந்தது.

ஆயினும் இரு தடைகள் எதிர்ப்பட்டன. தூது விரைவிற் சிதைந்தது. அன்றியும், உடல் அதனைப் பகையெனக் கருதிச் சீறியது. ஹங்கேரியில் இறைச்சிக் கடைக்காரரின் மகளாய்ப் பிறந்த கட்டலின் கரிக்கோ, 1985இல் குடும்பத்தோடு அமெரிக்கா சென்று இவ்வாராய்ச்சியில் ஈடுபட்டார். நிதியுதவி கிட்டவில்லை; 1995இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் அவருடைய பதவியும் தாழ்த்தப்பட்டது. அவர் தளரவில்லை. ட்ரூ வைஸ்மன் என்பாரோடு சேர்ந்து உழைத்தார். தூதின் எழுத்துகளுள் ஒன்றாகிய யூரிடினைச் சிறிது மாற்றி அமைத்தால் உடலின் சீற்றம் அடங்கும் என்று இருவரும் 2005இல் வெளியிட்டனர். அன்று அதனைப் பொருட்படுத்தியவர் சிலரே. நுண்ணிய கொழுப்புத் துளிகளில் பொதிந்து அனுப்பும் முறையைப் பிறர் வளர்த்தனர். தூதுக்குக் கவசமும் கிடைத்தது.

2020 ஜனவரியில் கொரோனாக் கிருமியின் மரபெழுத்துகள் வெளியாயின. மார்ச் 16ஆம் நாள் மனிதர்மீது முதற்சோதனை தொடங்கியது. டிசம்பர் 8ஆம் நாள் பிரிட்டனில் பொதுமக்களுக்கு ஊசி போடப்பட்டது. ஓராண்டில் செய்த அவசர வேலை என்று சிலர் ஐயுற்றனர். அஃது அறுபதாண்டு உழைப்பின் இறுதி ஆண்டு என்பதே உண்மை. இத்தூது நம் மரபை மாற்றிவிடும் என்ற அச்சமும் பரவியது. தூது உட்கருவினுள் நுழைவதில்லை. தன் செய்தியைச் சொல்லிவிட்டுச் சில நாட்களில் அழிந்துபோகிறது.

குறைகளையும் மறைத்தல் கூடாது. காப்பாற்றல் காலப்போக்கிற் குறைகிறது. இளைஞர் சிலருக்கு, அரிதாக, இதயத்தசை அழற்சி நேர்ந்தது. முதலில் வந்த மருந்தொன்றைச் சுழிக்குக் கீழ் 70 பாகைக் குளிரிற் காக்க வேண்டியிருந்தமையால், ஏழை நாடுகள் இடர்ப்பட்டன. 2022இல் புனே நகரின் ஜெனோவா நிறுவனம் 2 முதல் 8 பாகையில் வைக்கத்தக்க ஊசிக்கு நம் நாட்டில் ஒப்புதல் பெற்றது.

2023இல் கரிக்கோவும் வைஸ்மனும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றனர். 2024இல் முதியோரைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. என்னும் மூச்சுக்குழல் நோய்க்கும் இவ்வகை ஊசி அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. நோயாளி ஒவ்வொருவரின் புற்றுக் கட்டிக்கும் ஏற்பத் தனித்தூது எழுதும் முயற்சி சோதனையில் உள்ளது. வெற்றி உறுதியென்று இன்று சொல்வதற்கில்லை.

நான் ஆசிரியனாக இருந்த காலத்தில், “இப்பாடத்தால் என்ன பயன், ஐயா?” என்று மாணவர் அடிக்கடி வினவுவர். 1995இல் கரிக்கோவை அக்கேள்வி கேட்டிருந்தால், அவரிடம் காட்டுவதற்கு ஒரு மருந்துகூட இருந்திராது. பயன் பின்னரே வந்தது; அதுவரை பொறுத்திருக்க ஒருவர் இருந்தமையால் வந்தது. நாளை நீங்கள் ஆராய்ச்சி செய்தாலும், ஆராய்ச்சிக்குப் பொருள் வழங்கும் பொறுப்பில் அமர்ந்தாலும், இதனை நினைவிற் கொள்ளுங்கள்.