ஐந்து பவுண்டு ரைட்டர்

'இன்டர்ன்ஷிப்' என்ற சொல்தான் நமக்குப் புதுசு. வேலை பழக வந்தவன் என்று சொல்லிக் கூலியைக் குறைக்கிற வழக்கம் சென்னையில் முந்நூறு வருஷத்துக்கும் மேலாக இருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனி புனித ஜார்ஜ் கோட்டைக்கு அனுப்பிய கடைநிலை ஊழியனுக்கு 'ரைட்டர்' என்று பெயர். (நம் போலீஸ் ஸ்டேஷனில் அந்தப் பெயர் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.) 1744இல் கப்பலிறங்கிய ராபர்ட் கிளைவுக்கு வயது 18, ஆண்டுச் சம்பளம் 5 பவுண்டு. கடிதங்களைப் பிரதியெடுப்பது, பேரேடு எழுதுவது என்று பொழுது போயிற்று. வெயில், தனிமை, கடன். ஊரைவிட்டு வந்தபின் சந்தோஷமே இல்லையென்று வீட்டுக்கு எழுதினார். வாழ்க்கை வரலாறுகள் இந்தப் புலம்பலில் உருகி நின்றுவிடுகின்றன.

ஐந்து பவுண்டில் எப்படிக் காலந்தள்ள முடியும்? முடியாதென்பது கம்பெனிக்கே தெரியும். அதனால்தான் சொந்த வியாபாரத்தை அனுமதித்தது. அதற்கு முதல் கொடுத்தவர்கள் துபாஷிகள். இன்றைய ரைட்டர் நாளைய கவுன்சில் மெம்பர் என்ற கணக்கு அவர்களுடையது. 1672இல் ரைட்டராக வந்த எலிஹு யேல் 1687இல் கவர்னரே ஆனார். பெருஞ்செல்வத்தோடு ஊர் திரும்பினார். அந்தச் செல்வத்தில் நெசவாளர் பங்கு எவ்வளவு என்று எந்தப் பேரேடும் சொல்லாது. ஆக, கம்பெனி மிச்சம்பிடித்த சம்பளத்தை இந்த ஊர் கொடுத்தது.

1961ஆம் ஆண்டின் அப்ரெண்டிஸ் சட்டம், 18ஆம் பிரிவு, பயிற்சி பெறுபவர் தொழிலாளி அல்லர் என்கிறது. அதிலாவது உதவித்தொகை உண்டு. கோடையில் இரண்டு மாதம் ஆபீசுக்குப் போகிற மாணவர் பலருக்கு அதுவுமில்லை. பஸ் காசும் ஹாஸ்டல் வாடகையும் வீட்டிலிருந்து வரவேண்டும். வீட்டில் இல்லாதவர் அந்தக் கோடையில் வேறு கூலிக்குப் போகிறார்.