பப்பானில் பின்கதவைத் தட்டியவர்கள்

மேருவில் எங்கள் பாட்டி வீட்டுக் கூடத்தில் மாதா படத்துக்குக் கீழே ஒரு செபமாலை தொங்கும். மணிகள் தேய்ந்து நிறம் போன மாலை. பாட்டி தோட்டத்து லயத்தில் பிறந்து, ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்று வளர்ந்தவர். வரலாற்றுப் பாடத்துக்காக அவரிடம் கேள்வி கேட்கப் போன ஒரு நாள் இப்படிச் சொன்னார்.

"எங்கண்ணன சயாமுக்குப் புடிச்சிட்டுப் போனாங்க. அவன் திரும்பி வரணும்னு தெனமும் செபமால சொன்னேன். அவன் வரலடா."

"அப்புறம் ஏன் பாட்டி இன்னும் சொல்றீங்க?"

"வேற என்ன சொல்றது?"

அன்று எனக்கு அது பதிலாகவே தெரியவில்லை. பல ஆண்டுகள் கழித்து சிபில் கார்த்திகேசுவின் நூலை வாசித்தபோதுதான் பாட்டியின் கேள்விக்குள் ஒரு பதில் இருப்பது போலத் தோன்றியது.

சிபிலைப் பள்ளிப் பாடநூல் வழியாகவோ 2016-இல் கூகுள் முகப்பில் வந்த சித்திரம் வழியாகவோ பலர் அறிந்திருப்பார்கள். ஜப்பானியர்களின் சித்திரவதையைத் தாங்கிய வீரப்பெண் என்பதுதான் நாம் வைத்திருக்கும் சுருக்கம். அந்தச் சுருக்கத்தில் இரண்டு விஷயங்கள் சேர்ந்து வருவதே இல்லை. அவர் தீவிரமான கத்தோலிக்கர். அவர் காப்பாற்றியது கம்யூனிஸ்டுகள் தலைமையில் போரிட்ட கெரில்லாக்களை. கோயிலில் பேசுபவர்கள் முதலாவதைச் சொல்வார்கள். அரசியல் பேசுபவர்களில் சிலர் இரண்டாவதைச் சொல்வார்கள். இரண்டையும் ஒரே பெண்ணிடம் வைத்துப் பார்த்தால்தான் அவருடைய விசுவாசம் எப்படிப்பட்டது என்று புரிகிறது.

சிபில் 1899 செப்டம்பர் 3 அன்று சுமத்ராவின் மேடானில் பிறந்தார். ஐரிஷ் வம்சாவளி கொண்ட யுரேசியக் குடும்பம். தாயார் மருத்துவச்சி, மகளும் தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயின்றார். அவர் மணந்தது தைப்பிங்கைச் சேர்ந்த இலங்கைத் தமிழரான மருத்துவர் ஆறுமுகம் கணபதிப் பிள்ளையை. மாப்பிள்ளை இந்து என்பதால் பெண் வீட்டில் எதிர்ப்பு இருந்தது. அவர் திருமுழுக்குப் பெற்று ஏ.சி. கார்த்திகேசு ஆனார். 1919 ஜனவரியில் கோலாலம்பூர் புக்கிட் நானாஸில் உள்ள செயின்ட் ஜான் தேவாலயத்தில் திருமணம் நடந்தது. அந்த ஆண்டே பிறந்த முதல் ஆண் குழந்தை ஒரு நாள்கூட உயிரோடு இருக்கவில்லை. பிற பெண்களின் பிரசவத்தைக் கையில் ஏந்தப் பயின்றவருக்கு, தன் பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை. பின்னர் வில்லியம் என்ற பையனைத் தத்தெடுத்தார்கள். 1921-இல் ஓல்காவும், 1936-இல் டோனும் பிறந்தார்கள்.

கணவனும் மனைவியும் 1926 முதல் ஈப்போவில் கிளினிக் நடத்தினார்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியக் குண்டுகள் ஈப்போவில் விழுந்ததும், அங்கிருந்து ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தள்ளியிருந்த பப்பான் என்ற ஈயச்சுரங்கச் சிற்றூருக்குக் குடும்பம் இடம் மாறியது. பெரிய சாலையில் 74ஆம் எண் கடைவீட்டில் சிபில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். அவர் சரளமாகக் கந்தோனீஸ் பேசுவார், அந்த ஊர்ச் சீனர்களுக்கு அவர் அந்நியராகத் தெரியவில்லை.

இரவில் பின்கதவு தட்டப்படும். மலையிலிருந்து இறங்கி வந்த மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையின் ஆள்கள், துப்பாக்கிக் காயத்தோடும் மலேரியாக் காய்ச்சலோடும் நிற்பார்கள். அந்தப் படையை வழிநடத்தியது மலாயா கம்யூனிஸ்ட் கட்சி. வீட்டில் ஒளித்து வைத்திருந்த வானொலிப் பெட்டியில் பிபிசி கேட்டு, போர்ச் செய்தியையும் சிபில் அவர்களிடம் சேர்ப்பித்தார். பெட்டிக்கு அவர் வைத்திருந்த செல்லப்பெயர் ஜோசபின். வானொலி வைத்திருப்பதே உயிருக்கு ஆபத்தான குற்றமாக இருந்த காலம் அது.

இங்கே ஒரு தேதியை நினைவில் வைக்க வேண்டும். 1937 மார்ச்சில் பாப்பரசர் பதினோராம் பயஸ் வெளியிட்ட சுற்றுமடல் கம்யூனிசத்தைக் கண்டித்தது, கத்தோலிக்கர் எவரும் அதனோடு எந்தக் காரியத்திலும் ஒத்துழைக்கக் கூடாது என்றது. அதன்பின் ஐந்தாறு ஆண்டுகளில் பப்பானில் ஒரு கத்தோலிக்கப் பெண் கம்யூனிஸ்ட் காலிலிருந்து குண்டை எடுக்க வழிசெய்கிறார், கட்டுப் போடுகிறார். அவர் தன் திருச்சபையை மீறுவதாக நினைத்ததாகத் தெரியவில்லை. சபையை அவ்வளவு நேசித்தவர் அவர். அடிபட்டு வழியில் கிடந்தவனைத் தூக்கிக் கழுதையில் ஏற்றிய சமாரியன் கதையை ஞாயிறுதோறும் பூசைக்குப் போகும் யாரும் கேட்டிருப்பார்கள். அந்தக் கதையில் சமாரியன் அடிபட்டவனிடம் நீ எந்தக் கட்சி என்று கேட்பதில்லை. சிபில் அந்தக் கதையை ஒரு மருத்துவச்சி வாசிப்பதைப் போல வாசித்தார் என்று நினைக்கிறேன். பிரசவ வலியோடு வருகிறவளிடம் கேட்க முடியாத கேள்விகள் சில உண்டு.

1943-இன் நடுப்பகுதியில் ஜப்பானியர்களுக்குத் தகவல் போய்விட்டது. கணவர் கைதானார், வில்லியமும் பிடிபட்டான். மலைக்கு வந்துவிடும்படி கெரில்லாக்கள் அழைத்தும் சிபில் போகவில்லை. போனால் தன் குடும்பமும் ஊரும் பழிவாங்கப்படும் என்று அவருக்குத் தெரியும். ஓடிப்போக வழியிருந்தும் நின்ற அந்த முடிவைத்தான் அவருடைய கதையின் மையமாக நான் பார்க்கிறேன். சித்திரவதையை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. இருந்த இடத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுத்தார்.

பிறகு நடந்ததை விரிவாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கெம்பெய்தாய் ராணுவப் போலீசின் கையில் அவர் மாதக்கணக்கில் இருந்தார். எகியோ யோஷிமுரா என்ற சார்ஜெண்ட்தான் முக்கியமாக விசாரித்தவன். அவருடைய முதுகெலும்பும் தாடையும் சேதமாயின. ஒரு நாள் மகள் டோனைக் கொண்டுவந்து, தாயின் கண் முன்னே மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டினார்கள். சிபில் வாய் திறக்கவில்லை.

இந்த இடத்தில் வாசகருக்கு ஒரு தடுமாற்றம் வரும், எனக்கும் வந்தது. பெற்ற பிள்ளையைவிடப் பெரியதா மலையில் இருக்கிறவர்களின் பெயர்கள்? விசுவாசம் மனிதரை இப்படியும் ஆக்கிவிடுமா? இதற்குச் சுலபமான சமாதானம் கிடையாது. ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். அவர் ஒரு பெயர் சொன்னால் அது ஒரு பெயரோடு நிற்காது. மருந்து கொண்டுபோனவர், தகவல் சொன்னவர், பின்கதவைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்த பக்கத்து வீட்டுக்காரர் என்று பப்பான் முழுவதும் அந்த மரத்தடிக்கு வந்திருக்கும். அங்கேயும் பிள்ளைகள் இருந்தார்கள்.

சித்திரவதை கேட்பது சொற்களை. செபமும் சொற்களால் ஆனதுதான். சிறை அறையில் அவர் ஓயாமல் செபித்தார். அந்தச் செபம் வலியைக் குறைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். சொல்லக்கூடாத பெயர்கள் நாக்கு நுனியில் நிற்கும்போது, சொல்லலாம் என்ற பெயர்கள் சிலவற்றை அது அவருக்குக் கொடுத்தது. இயேசு, மரியாள், புனிதர்கள். "வேற என்ன சொல்றது?" என்று பாட்டி கேட்டது இங்கேதான் எனக்கு விளங்கியது.

ஆயுள் தண்டனையோடு பத்து காஜா சிறையில் இருந்த சிபில், 1945-இல் ஜப்பான் சரணடைந்தபின் வெளியே வந்தார். நடக்க முடியவில்லை. சிகிச்சைக்காக பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். யோஷிமுரா போர்க்குற்ற விசாரணையில் மரண தண்டனை பெற்றான். சிபிலுக்கு 1947-இல் ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. சிகிச்சைக் காலத்தில் அவர் உருவாக்கிய நினைவுக்குறிப்பு, அவர் இறந்தபின் 1954-இல் 'நோ டிராம் ஆஃப் மெர்ஸி' என்ற பெயரில் வெளிவந்தது. துளி இரக்கமும் இல்லாமல் என்று பொருள். ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தின் நீதிமன்றக் காட்சியிலிருந்து எடுத்த சொற்கள்.

தாடைக் காயம் ஆறவேயில்லை. 1948 ஜூன் 12 அன்று பிரிட்டனில் இறந்தார், ஸ்காட்லாந்தின் லானார்க்கில் அடக்கம் நடந்தது. நான்கு நாள்களுக்குப் பிறகு, ஜூன் 16 அன்று, அவருடைய பேராக் மாநிலத்திலேயே சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் வந்தது. அடுத்த மாதம் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டது. இரவில் பப்பானில் கதவைத் தட்டியவர்களும் அவர்களின் தோழர்களும் மறுபடி காட்டுக்குள் போனார்கள், இந்த முறை சிபிலுக்குப் பதக்கம் கொடுத்த அதே அரசின் எதிரிகளாக. 1949 மார்ச்சில் அவர் உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு, செயின்ட் மைக்கேல் தேவாலயத்தை அடுத்த கத்தோலிக்க மயானத்தில் மறு அடக்கம் செய்யப்பட்டது. அவர் கட்டுப் போட்டவர்களில் யாராவது அந்த ஊர்வலத்தைத் தூரத்திலிருந்து பார்த்திருந்தால், அழுததை யாருக்கும் காட்டியிருக்க முடியாது.

சிபிலின் விசுவாசம் நமக்குத் தெரிவது அவர் எழுதியதால். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பி வராதவர்களின் கணக்கே இன்னும் சரியாக முடியவில்லை. காலராக் கூடாரத்தில் முருகா என்றவர்களும் மாதாவே என்றவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களுக்குப் பதக்கமும் இல்லை, நூலும் இல்லை. லயத்தில் காத்திருந்தவர்களிடம் மிஞ்சியது தேய்ந்த மணிகள்தான்.

சிபில் கதையை ஒரு நாள் பாட்டிக்குச் சொன்னேன். பாப்பரசர், கட்சி, பதக்கம், அவசரகாலம் எல்லாம் சொன்னேன். பாட்டி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து எழுந்தேன்.

"அந்தப் புள்ள பொழச்சுதா?" என்றார்.

"எந்தப் புள்ள?"

"மரத்துல கட்டுனாங்கன்னு சொன்னியே."

"பொழச்சுது பாட்டி."

மாலையை எடுத்துத் தரச் சொன்னார்.