பிணை நிற்கும் மனிதர்

சிவகாசியில் லைசென்ஸ் இல்லாமல் ஒரு பிடி வெடிமருந்தைக் கலந்துவிட முடியாது. ஓர் அறையில் எத்தனை பேர் உட்காரலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம், ஒரு கட்டடத்துக்கும் மறு கட்டடத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று எல்லாவற்றுக்கும் சர்க்கார் கணக்கு வைத்திருக்கிறது. 1884-ம் வருஷத்து வெடிபொருள் சட்டத்தில் தொடங்கி, 1940, 1983, 2008 என்று விதிகள் மாறி மாறி வந்திருக்கின்றன. ஆனால் அங்கே ஒரு விபத்து நடந்து, போர்மேனைப் போலீஸார் பிடித்துக்கொண்டு போனால், அவரைச் சிறையிலிருந்து மீட்கக் கையெழுத்துப் போடுகிற மனிதருக்கு மட்டும் லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது.

அப்படிப்பட்ட ஒருவரை அந்தப் பக்கத்துக் கோர்ட்டு வாசல் ஒன்றில் பார்த்தேன். வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சள் பை. அதற்குள் வீட்டுவரி ரசீது.

"யாருக்கு அண்ணாச்சி ஜாமீன் போட வந்திருக்கீக?" என்று கேட்டேன்.

"பேரு வக்கீல் குமாஸ்தாகிட்ட இருக்கு, தம்பி" என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

சற்றுத் தள்ளிக் கைதான போர்மேனின் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நிலப் பத்திரத்தோடு வந்தவர். வெளி ஜில்லாச் சொத்து உதவாது, உள்ளூர் ஆள்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். கூடப் பிறந்தவர் ஒதுங்கி நிற்க, பெயர்கூடத் தெரியாதவர் பிணை நின்றார். கூலி எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அண்ணன் வேட்டி முடிச்சை அவிழ்த்ததைப் பார்த்தேன்.

சட்டம் மனத்தில் வைத்திருந்த ஜாமீன்தார் இவரல்ல. குற்றம் சாட்டப்பட்டவனை நன்றாக அறிந்தவர். அவன் ஓடிவிட்டால் நம் பணம் போய்விடுமே என்று அவன்மேல் ஒரு கண் வைத்திருப்பவர். அந்தப் பயம்தான் பிணையின் உயிர். 1885-ல் லண்டனில் ஒரு வழக்கு நடந்தது. நன்னடத்தைக்காக 50 பவுன் ஜாமீன் காட்ட வேண்டியிருந்த ஒருவர், 49 பவுனை முன்னதாகவே ஜாமீன்தாரிடம் கொடுத்துவைத்தார். காலம் முடிந்ததும் திருப்பிக் கேட்டார், கிடைக்கவில்லை. பணத்தை முதலிலேயே வாங்கிக்கொண்டவருக்குக் கண்காணிப்பதில் என்ன அக்கறை இருக்கும்? அந்த ஒப்பந்தமே பொதுநலனுக்கு விரோதம் என்று கோர்ட்டு கையை விரித்துவிட்டது. நம் நாட்டுக் கோர்ட்டுகளும் இந்தக் கொள்கையையே பின்பற்றின.

அமெரிக்கா வேறு வழியில் போயிற்று. அங்கே பிணை பகிரங்கமான வியாபாரம். சான் பிரான்சிஸ்கோவில் மக்டோனா சகோதரர்கள் அதில் கொடிகட்டிப் பறந்தார்கள். நகரத்து ஊழலுக்கெல்லாம் ஊற்றுக்கண் அவர்களுடைய கடைதான் என்று 1937-ல் ஒரு விசாரணை அறிக்கை கூறியது. அந்த வருஷமே கலிபோர்னியா, ஜாமீன் ஏஜெண்டுகளுக்கு லைசென்ஸ் கட்டாயம் என்று சட்டம் செய்தது. இலினாய் மாகாணமோ 1963-ல் அந்த வியாபாரத்தையே ஒழித்து, தொகையில் பத்தில் ஒரு பங்கைக் கோர்ட்டிலேயே கட்டினால் போதும் என்றது.

நாம் லைசென்ஸும் கொடுக்கவில்லை, ஒழிக்கவும் இல்லை. ஏழைகள் தரகர்களிடமும் தொழில்முறை ஜாமீன்தாரிடமும் சிக்குவதை, 1971-ல் பகவதி தலைமையிலான குஜராத் சட்ட உதவிக் கமிட்டி எடுத்துச் சொன்னது. 1978-ல் மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கு வந்தது. மத்தியப் பிரதேசத்து மாஜிஸ்டிரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். சகோதரர் முன்வந்தபோது, சொத்து வேறு ஜில்லாவில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார். சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் கொத்தனாரை விடச் சொன்னார். இதுவரை எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறார் என்பதை ஜாமீன்தார் கோர்ட்டில் எழுதித் தர வேண்டும் என்று 2005-ல் ஒரு திருத்தம் வந்தது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் அந்த விதி இருக்கிறது. உள்ளூர் ஜாமீன்தார்தான் வேண்டும் என்று நிபந்தனை போடாதீர்கள் என்று 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் சொன்னது.

அண்ணாச்சிக்கு லைசென்ஸ் கொடுத்தால் அவர் ஏஜெண்ட் ஆகிவிடுவார். அவரை விரட்டிவிட்டால் போர்மேன் உள்ளேயே கிடப்பார். இரண்டும் வேண்டாம். உள்ளூர் ஆள் வேண்டும் என்ற அந்த ஒரு வார்த்தைதான் அவருக்குப் பிழைப்புக் கொடுத்தது. அண்ணன் கொண்டுவந்த பத்திரத்தை வாங்கிப் பார்த்திருந்தால், வேப்பமரத்தடியில் அவருக்கு வேலையே இருந்திராது.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அந்த அண்ணனை மறுபடி பார்த்தேன். தம்பிக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. ஒருவரும் பிரித்துப் பார்க்காத பத்திரம் அவர் கக்கத்தில் அப்படியே இருந்தது.