அவ்வை சண்முகம்: ஒரு நடிகர் எழுதி வைத்த வரலாறு

வண்டிப்பெரியாரில் நான் சின்னப் பையனாக இருந்தபோது, மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு மதுரைப் பக்கமிருந்து நாடகக்காரர்கள் வருவார்கள். குமுளி வழியாக ஏறிவரும் வண்டியில் ஆர்மோனியப் பெட்டியைக் கண்டாலே லயத்துப் பிள்ளைகளுக்குத் தூக்கம் போய்விடும். விடிய விடிய வள்ளி திருமணம். மறுநாள் அப்பாவிடம், "இந்தப் பாட்டெல்லாம் யாருப்பா எழுதினது?" என்று கேட்டேன். "சங்கரதாஸ் சாமிகள்னு ஒரு பெரியவர். அவருகிட்ட வளர்ந்த பிள்ளைதான் நம்ம அவ்வை சண்முகம். பொறந்தது திருவனந்தபுரத்துல" என்றார். இவ்வளவு பெரிய தமிழ் நடிகர் நம்மைப்போல மலையாள மண்ணில் பிறந்தவரா என்று அன்று எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் தீரவில்லை. அவரைப் பற்றி நமது மலரில் எழுத அதுவே காரணம்.

தி.க.சண்முகம் 1912-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் திருவனந்தபுரத்தில் பிறந்தார். தந்தை கண்ணுசாமிப் பிள்ளை பெண் வேடமிட்டு நடித்தவர். சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி என்ற நான்கு சகோதரர்களையே தமிழுலகம் 'டி.கே.எஸ். சகோதரர்கள்' என்று அழைத்தது. 1918-இல், சண்முகத்துக்கு ஆறு வயதாக இருக்கும்போது, மதுரையில் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் ஆசிரியராக விளங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையில் சேர்ந்தார்கள். அந்தக் காலத்தில் இதுபோன்ற குழுக்களுக்கு 'பாய்ஸ் கம்பெனி' என்று பெயர். நடிப்பவர்கள் எல்லாம் சிறுவர்கள். வீட்டை விட்டு, ஊர் ஊராகக் கம்பெனியோடு போக வேண்டும். பாட்டும் வசனமும் மனப்பாடம் ஆக வேண்டும். குரல் உடையும் வயது வந்துவிட்டால் பல பையன்களின் பிழைப்பே கேள்விக்குறி ஆகிவிடும்.

சிறுவன் சண்முகம் நடிப்பதற்காகவே சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக வரலாற்றில் புகழ்பெற்ற செய்தி. அது நமக்குத் தெரிந்திருப்பது எப்படி? அந்தச் சிறுவனே வளர்ந்து, 'எனது நாடக வாழ்க்கை' என்ற தன் வரலாற்று நூலில் எழுதி வைத்ததால்தான்! சுவாமிகள் பின்னாளில் பக்கவாத நோயால் பேச்சிழந்து, 1922 நவம்பர் 13-இல் புதுச்சேரியில் மறைந்தார். அவரைப் பக்கத்திலிருந்து பார்த்த ஒரு குழந்தையின் கண்கள் இல்லையென்றால், பாடல்கள் மிஞ்சியிருக்கும்; மனிதர் மறைந்திருப்பார்.

1925 மார்ச் 31-இல் சகோதரர்கள் தங்கள் சொந்தக் குழுவைத் தொடங்கினார்கள். பெயர் 'மதுரை ஸ்ரீ பாலஷண்முகானந்த சபா'. ஆனால் தொடங்கிய இடம் திருவனந்தபுரம்! சண்முகத்துக்கு அப்போது பதின்மூன்று வயதுகூட நிறையவில்லை. பெயரில் மதுரையும், பிறப்பில் திருவிதாங்கூரும் இருந்ததை அன்று யாரும் முரணாக நினைக்கவில்லை. எல்லைக் கோடு பிறகு வந்தது. 1956 நவம்பர் 1-இல் நாஞ்சில் நாடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நமது பீர்மேடும் தேவிகுளமும் கேரளத்தில் நின்றன. கலைக்கு இந்தக் கோடு தெரியாது. முதல் மலையாளப் பேசும்படமான 'பாலன்' (1938) சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்தது என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.

இந்தச் சபையில் வளர்ந்தவர்களின் பட்டியலே ஒரு வரலாறு: என்.எஸ்.கிருஷ்ணன், எஸ்.வி.சகஸ்ரநாமம், கே.ஆர்.ராமசாமி, ஏ.பி.நாகராஜன். வெ.சாமிநாத சர்மாவின் 'பாணபுரத்து வீரன்' தடை செய்யப்பட்டபோது, அதையே 'தேசபக்தி' என்ற பெயரில் மேடையேற்றிய துணிச்சல் இவர்களுக்கு இருந்தது. 1935-இல் 'மேனகா' மூலம் திரைக்கு வந்தார்கள். 'கப்பலோட்டிய தமிழன்' (1961) படத்தில் சுப்பிரமணிய சிவாவாகச் சண்முகத்தைப் பார்த்தவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். ஆனாலும் அவருக்கு நிலைத்த பெயர் தந்தது மேடைதான். முப்பது வயது ஆண்மகன், தள்ளாத கிழவியாக, ஔவையாராக நடித்தார். தமிழ்க் குழந்தை முதலில் படிக்கும் நீதிநூலை எழுதிய பாட்டியின் பெயரே அவருக்கு அடைமொழி ஆயிற்று.

சிறுவனாக மேடையேறிய அவர் சிறுவர்களை மறக்கவில்லை. குழந்தைகளுக்காகவே 'அப்பாவின் ஆசை' என்ற நாடகத்தை மேடைக்குக் கொண்டுவந்தார். சிறுவயதில் டி.கே.எஸ். குழுவில் பயின்ற கமல்ஹாசன், 1996-இல் தம் படத்துக்கு 'அவ்வை சண்முகி' என்று பெயர் வைத்தது அந்தக் குருபக்தியால்தான். சங்கீத நாடக அகாதெமி விருதும், 1971-இல் பத்மஸ்ரீயும் பெற்ற சண்முகம், 1973 பிப்ரவரி 15-இல் மறைந்தார்.

நாடக நினைவுகளை எழுதியவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. பம்மல் சம்பந்த முதலியாரின் 'நாடக மேடை நினைவுகள்' மிகச் சிறந்த நூல். ஆனால் முதலியார் வழக்கறிஞர். 1891-இல் அவர் தொடங்கிய சுகுண விலாச சபை படித்தவர்கள் பொழுதுபோக்காகக் கூடி நடித்த சபை. சண்முகமோ நடிப்பே சோறு என்று வளர்ந்தவர். பள்ளிக்கூடத்தில் உட்கார வேண்டிய வயதில் ஒத்திகையில் நின்றவர். மேடைத் தமிழே அவருக்குப் பள்ளித் தமிழ். கூலிக்கு உழைத்த கலைஞனின் பக்கமிருந்து எழுதப்பட்ட சாட்சியம் என்பதுதான் அவருடைய நூலின் தனிமதிப்பு. தோட்டத்தில் உழைத்த நம் பாட்டன் பாட்டிமார் இப்படி ஒன்று எழுதி வைக்கவில்லையே என்ற ஏக்கம், அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வரும்.

சென்ற விடுமுறையில் என் பேத்தி அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாள். அட்டையைப் பார்த்துவிட்டு, "தாத்தா, நீங்களே வாசிங்க, எனக்கு எழுத்து தெரியாது" என்றாள். வீட்டில் தமிழ்தான் பேசுகிறாள். பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுத்தைச் சொல்லித் தராதது நாங்கள்தானே! அன்றிரவு அபிமன்யு சுந்தரி பிறந்த கதையை வாசித்துக் காட்டினேன். "ஒரே ராத்திரியிலா?" என்று எழுந்து உட்கார்ந்தாள். மறுநாள் காலை ஒரு நோட்டை எடுத்துவந்து, "மொதல்ல என் பேரை எப்படி எழுதுறதுன்னு காட்டுங்க தாத்தா" என்றாள்.

எங்கள் வீட்டில் இப்படித்தான் 'அ' தொடங்கியிருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒரு நல்ல கதையிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.