நாகப்பட்டினத்தில் நின்ற கப்பல்

மலேசியத் தமிழர் வரலாற்றில் கப்பலுக்குள்ள இடம் பெரிது. கோலசிலாங்கூர் வட்டாரத்திலும் வட சிலாங்கூர்த் தோட்டங்களிலும் வாழும் முதியோரிடம் குடும்ப வரலாற்றை வினவினால், பலரும் தம் பெற்றோர் 'ரஜூலா'வில் வந்தனர் என்றே தொடங்குவர். அக்கப்பல் இடையில் நின்ற துறைமுகங்களைப் பற்றி மேலும் வினவினால் பெரும்பாலும் மௌனமே விடையாகும். அத்துறைமுகங்களுள் ஒன்றாகிய நாகப்பட்டினத்தைப் பற்றித் தமிழாசிரியரும் மாணவரும் அறிந்திருக்க வேண்டுவன சில உள.

1926-இல் கட்டப்பெற்ற ரஜூலா, பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கழகத்துக்கு உரியது. தொடக்க காலத்தில் மேல்தளப் பயணியர் மட்டுமே 5,000-க்கும் மேற்பட்டோர் செல்ல அதற்கு உரிமம் இருந்தது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்பன அதன் வழித்துறைகள். போர்ட் சுவெட்டன்ஹாம் 1972-இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் பெற்றது. ரஜூலா 1973-இல் விற்கப்பட்டு, அடுத்த ஆண்டில் உடைக்கப்பட்டது. அதன்பின் பயணியரை ஏற்றிச் சென்ற 'சிதம்பரம்' கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பற்றியது. பல உயிர்களைக் கொண்ட அவ்விபத்தோடு இக்கடல்வழிப் பயணமும் முடிவுற்றது.

நாகைத் துறையில் பெருங்கப்பல்கள் கரையை அணுக இயலாது, ஆழம் போதாது. கப்பல் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்க, பயணியரும் மூட்டை முடிச்சுகளும் படகேறிக் கரை சேர வேண்டும். தாயகம் திரும்பியோருள் தஞ்சை, திருச்சி வட்டாரத்தார் இங்கிறங்கி இரயிலேறுவர். சென்னைக்குச் செல்வோர் கப்பலிலேயே இருப்பர். அவர்கள் கரையைக் கண்டனர், ஊரைக் காணவில்லை.

காணாத அவ்வூரில் நம் நாட்டோடு தொடர்புடைய வரலாறு ஒன்று புதைந்து கிடந்தது. முதலாம் இராசராசன் காலத்தில் கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட மன்னர், நாகையில் சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை எழுப்பினர். அதற்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். அக்கொடையைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்தவன் அவன் மகன் இராசேந்திரன். நெடுங்காலம் நெதர்லாந்தில் லெய்டன் நகரில் இருந்தமையால் அவை லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன. அதே இராசேந்திரனே 1025-இல் கடாரத்தின்மீது கடற்படையை ஏவினான். பின்னர் முதலாம் குலோத்துங்கன் காலத்தில், 1090-இல், கடாரத்தரசன் வேண்டுகோளின்படி அக்கொடை மீண்டும் உறுதி செய்யப்பட்டது. நட்பு, பகை, மீண்டும் நட்பு என இவ்வுறவு ஒரு நூற்றாண்டுக்குள் மூன்று நிலைகளைக் கண்டது.

அப்பள்ளியைச் சார்ந்ததெனக் கருதப்படும் செங்கற்கோபுரம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை மாலுமியருக்கு அடையாளமாக நின்றது. 1867-இல் அரசின் இசைவோடு அதனை இடித்தனர். ரஜூலா பிறப்பதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அது மறைந்தது. எனினும், மண்ணிலிருந்து கிடைத்த 300-க்கும் மேற்பட்ட பௌத்தச் செப்புத் திருமேனிகள் அதற்குச் சான்று பகர்கின்றன.

நாகைக்கும் கோலசிலாங்கூருக்கும் பிறிதொரு தொடர்பும் உண்டு. 1658-இல் நாகையைக் கைப்பற்றிய டச்சுக்காரர் 1781-இல் அதனை ஆங்கிலேயரிடம் இழந்தனர். மூன்றாண்டுகள் கழித்து, 1784-இல், அதே டச்சுக் குழுமத்தார் கோலசிலாங்கூரின் மெலாவத்தி குன்றைப் பற்றி, அங்குள்ள கோட்டைக்கு அல்திங்ஸ்பர்க் எனப் பெயரிட்டனர். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதனை மீட்டார். குன்றின்மீது பீரங்கிகளைக் காணும் நம் மாணவர், இவ்வணிகப் பேரரசின் கை தமிழ்க் கரையிலும் படிந்திருந்தது என்பதை அறிதல் நலம்.

இனி, சிந்திக்க வேண்டுவது ஒன்றுண்டு. கடாரம் கொண்டான் கதையை வகுப்பறையில் பெருமிதத்தோடு கூறுகிறோம். அதே நாகையில் இருந்த குடியேற்ற முகாமில் தங்கி, மருத்துவச் சோதனைக்கு உட்பட்டு, மேல்தளத்தில் நெருக்கியடித்துப் பயணம் செய்து, கரை சேர்ந்தபின் தனிமை முகாமிலும் அடைபட்டவர் வரலாற்றைக் கூறத் தயங்குகிறோம். முன்னதில் பெருமை உண்டு, பின்னதில் இல்லை என்னும் எண்ணமே இதற்குக் காரணம். இஃது ஏற்புடையதன்று. படையெடுத்தவன் வந்து சென்றான். பால்மரம் சீவியவனோ இங்கேயே வாழ்ந்து மண்ணைப் பண்படுத்தினான். பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமாரம் தோட்டத்தில் 1917-இல் ஹென்றி ஃபோக்கொன்னியே இந்நாட்டின் முதல் வணிகமுறைச் செம்பனைப் பயிரீட்டைத் தொடங்கினார் என வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. தோட்டத்தின் பெயரோ 'தென்னைமரம்' என்னும் தமிழ்ச் சொல். பிரெஞ்சு முதலாளியின் பெயர் நூலில் நின்றது. தொழிலாளியின் மொழி ஊர்ப்பெயரில் நின்றது. தொழிலாளியின் பெயர் மட்டும் எங்கும் நிற்கவில்லை.

அப்பெயர்களில் ஒரு சிலவேனும் இன்னும் வீடுகளில் உள்ளன. பழைய கடவுச்சீட்டு, கப்பல் சீட்டு, தகரப்பெட்டியின் மேல் எழுதிய முகவரி ஆகியன செப்பேட்டுக்கு நிகரான சான்றுகள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் இடம்பெயரும்போது இவையே முதலில் குப்பைக்குச் செல்கின்றன. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் தன் மாணவர் குடும்பங்களில் எஞ்சியுள்ள இத்தாள்களைப் படியெடுத்து, ஊர், கப்பல், இறங்கிய துறை, சேர்ந்த தோட்டம் என வரிசைப்படுத்திப் பேணுதல் வேண்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை; ஓர் ஆசிரியரின் அக்கறையும் ஒரு குறிப்பேடும் போதும். செம்பில் எழுதியது ஆயிரம் ஆண்டு நின்றது. தாளில் எழுதியது நம் காலத்திலேயே அழியாமற் காப்பது நம் கடன்.