உரம் விற்றவரின் புல்வெளி

நம் ஊரில் வைக்கோல் என்றால் நெல் எடுத்தபின் மிஞ்சும் தாள். இங்கிலாந்தில் 'ஹே' என்பது வேறு. புல்லையே பயிராக வளர்த்து, ஜூன் மாதம் அறுத்து, வெயிலில் காயவைத்துக் குளிர்காலத் தீவனமாகச் சேர்த்து வைப்பார்கள். மாடு வயலிலேயே மேய்ந்தால் தின்றதில் பெரும்பகுதி சாணமாக அங்கேயே விழும். அறுத்து வண்டி ஏற்றிவிட்டாலோ எல்லாம் வெளியே போய்விடும். ஒரு டன் உலர்புல்லோடு சுமார் 20 கிலோ தழைச்சத்தும் கிட்டத்தட்ட அதே அளவு சாம்பல் சத்தும் போகின்றன. கணக்கில் பணம் போடாமல் எடுத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? அதேதான்.

19ம் நூற்றாண்டு லண்டன் குதிரைகளை நம்பி ஓடிய நகரம். பக்கத்துக் கிராமங்களின் வண்டிகள் புல் ஏற்றிப் போய், திரும்பும்போது குதிரைச் சாணம் ஏற்றி வந்தன. தூரத்து விவசாயிக்கு இந்த வசதி இல்லை. பெரு நாட்டிலிருந்து கப்பலில் வந்த கடற்பறவை எச்சமான குவானோவை வாங்கலாம், ஆனால் விலை அதிகம்.

இந்தச் சமயத்தில் வருகிறார் ஜான் பென்னட் லாஸ். 1842ல் சூப்பர் பாஸ்பேட்டுக்குக் காப்புரிமை வாங்கி, தொழிற்சாலை வைத்து உரம் விற்றவர். 1856ல் இவரும் வேதியியலாளர் கில்பர்ட்டும் ரோதம்ஸ்டெட்டில் ஒரு பழைய புல்வெளியைப் பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதமாக உரமிட்டார்கள். சிலவற்றுக்கு எதுவுமே இடவில்லை. 'பார்க் கிராஸ்' என்ற அந்தச் சோதனை இன்றும் நடக்கிறது!

வேடிக்கை என்னவென்றால், உர வியாபாரியின் வயலே உரச் செலவைக் குறைக்க வழி காட்டியது. தழைச்சத்து உரம் துளியும் இல்லாமல் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் மட்டும் பெற்ற பாத்திகளில் க்ளோவர் போன்ற பயறுவகைச் செடிகள் பெருகின. விளைச்சல் உரமே காணாத பாத்தியைவிட மிக அதிகம். காரணம் 1886ல்தான் தெரிந்தது. அந்தச் செடிகளின் வேர் முடிச்சுகளில் உள்ள நுண்ணுயிர்கள் காற்றிலிருந்தே நைட்ரஜனைப் பிடிக்கின்றன என்று ஜெர்மனியில் ஹெல்ரீகல் அறிவித்தார். ஆனால் பொட்டாஷை நிறுத்திய பாத்தியில் க்ளோவரும் குறைந்தது. ஓசியில் நைட்ரஜன் கிடைக்கும், பொட்டாஷ் கிடைக்காது.

அமோனியம் சல்பேட்டை வருடா வருடம் கொட்டிய பாத்திகளின் கதை பரிதாபம். மண் புளித்து, அமில அளவு 4க்கும் கீழே இறங்கியது. மண்புழு போயிற்று, பழைய புல் மக்காமல் மெத்தை போலச் சேர்ந்தது. இரண்டு மூன்று வகைப் புல்லே மிஞ்சியது. உரமே காணாத பாத்தியிலோ சுமார் 40 வகைச் செடிகள்! 1903ல் சுண்ணாம்பு இடத் தொடங்கிய பிறகுதான் அமிலம் எவ்வளவு கெடுத்திருக்கிறது என்பது ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தது.

2022ல் உக்ரைன் போரால் எரிவாயு விலை ஏற, அதைக் கொண்டு தயாராகும் நைட்ரஜன் உரமும் எட்டாத விலைக்குப் போனது. ரஷ்யா, பெலாரஸ் பொட்டாஷும் சிக்கலில் மாட்டியது. அப்படிப்பட்ட வருடத்தில் கையில் கொஞ்சம் பணமே இருந்தால் முதலில் மண் பரிசோதனை, அடுத்து சுண்ணாம்பு, அதன்பின் பொட்டாஷ். நைட்ரஜன் மூட்டை கடைசியில்தான். தொழு உரம் இருந்தால், தொழுவத்துக்குப் பக்கத்து வயலிலேயே கொட்டாமல், புல் அறுத்த வயலுக்கே திரும்பக் கொண்டுபோக வேண்டும், வண்டிக்கூலி ஆனாலும்.