கொழுக்கிப் புழுவும் கலத்தின் காயமும்

ஹட்டன், டிக்கோயா, நுவரெலியா மலைகளில் தேயிலை பரவிய காலத்தில் தொழிலாளியின் உழைப்பை அளக்கத் தோட்டத்தில் இருந்தவை பிரட்டுக்களமும் செக்குரோலுமே. குறித்த வேலையை முடித்தவருக்கு முழுப்பேர். முடிக்க இயலாதவருக்கு அரைப்பேர். ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றவரும், முகம் வெளிறிக் கால் வீங்கியவரும், கூடையை நிரப்ப மாட்டாதவரும் சோம்பேறிகள் என்றே கருதப்பட்டனர். அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் இதே தோற்றம் கொண்ட ஏழை மக்கள் இதே பழிச்சொல்லைச் சுமந்தனர். அவர்களுடைய நோய்க்குக் காரணமான புழுவுக்கு 1902ஆம் ஆண்டில் ஒரு பத்திரிகை ‘சோம்பற் கிருமி’ என்றே பெயர் சூட்டிற்று.

அந்தச் சோர்வு பிறந்த இடம் மனம் அன்று, கலம். உயிரணு என்றும் இதனை வழங்குவர். நோய் யாவும் இறுதியில் கலத்தில் நேரும் கேடே என்பதை ஜெர்மானிய அறிஞர் ருடோல்ஃப் விர்க்கோ 1858இல் பெர்லின் நகரில் ஆற்றிய விரிவுரைகளில் நிலைநாட்டினார். கலம் காயமுறுவதற்கு நோயியலார் பல காரணங்களைக் கூறுவர்: ஒட்சிசன் குறைவு, நச்சுப் பொருள், கிருமி, உணவுக் குறை, அடியும் வெப்பமும் குளிரும், உடலின் காப்பாற்றலே தன்னைத் தாக்குதல், பரம்பரைக் குறைபாடு. ஏட்டில் இவை தனித்தனித் தலைப்புகள். தோட்டத் தொழிலாளியின் உடலிலோ இவற்றுட் பல கைகோத்தே வந்தன.

கொழுக்கிப் புழுவை 1838இல் மிலான் நகரில் கண்டவர் ஆஞ்சலோ டுபினி. அது உடலுட் புகும் வழி அறுபது ஆண்டுகள் கழித்தே விளங்கிற்று. கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்பவரின் கையில் நுண்புழுக்கள் நிறைந்த நீர் தற்செயலாகச் சிந்த, தோலில் அரிப்புண்டாயிற்று. பின்னர் அவருடைய மலத்தில் புழுவின் முட்டைகள் தோன்றின. மலம் கலந்த ஈரமண்ணில் வெறுங்காலுடன் நடப்போரின் தோலைத் துளைத்துக் குருதியிற் புகும் நுண்புழு, நுரையீரலை அடைந்து, தொண்டை வழியாக விழுங்கப்பட்டுச் சிறுகுடலில் தங்குகிறது. நுவரெலியாவின் கடுங்குளிர் மண்ணில் அதன் முட்டை எளிதில் வளராது. ஆயினும் குடலிற் குடியேறிய புழு பல ஆண்டு வாழவல்லது. ஆகவே தமிழகத்துச் சமவெளியிலிருந்தோ தாழ்ந்த தோட்டங்களிலிருந்தோ வந்தவர், அதனை உயர்ந்த மலைக்கும் உடன்கொண்டே வந்தனர்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ‘நெக்கேற்றர்’ இனப் புழு ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலீற்றர் குருதியை வீணாக்குகிறது. 300 புழுக்கள் இருப்பின் இழப்பு 9 மில்லிலீற்றர். நல்ல குருதியின் ஒவ்வொரு மில்லிலீற்றரிலும் அரை மில்லிகிராம் இரும்பு உண்டு. குடலிற் சிந்தியதில் ஒரு பகுதி மீள உறிஞ்சப்படினும், உணவிலிருந்து உடல் பெறுவது நாளுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராமே. சோறும் சிறிது பருப்பும் உண்டவர் இந்த இழப்பை எவ்வாறு ஈடுசெய்வர்? மாதவிடாயாலும் மகப்பேற்றாலும் முன்னரே இரும்பை இழந்திருந்த பெண்களே கொழுந்து பறிப்போரிற் பெரும்பான்மையினர் என்பதையும் மறத்தலாகாது.

குருதியில் ஈமோகுளோபின் குறைந்ததும் கலத்துக்கு ஒட்சிசன் போதாமற் போகிறது. கலத்தின் உலைக்களமாகிய இழைமணிகள் தளர்கின்றன. சக்தி தரும் ஏற்றிபி என்னும் பொருள் குறைகிறது. சோடியத்தை வெளியேற்றும் இறைப்பு இயந்திரம் மந்தமாகவே, சோடியமும் அதனைத் தொடர்ந்து நீரும் உட்புகுந்து கலம் வீங்குகிறது. ஒட்சிசனின்றி வெல்லத்தை எரிப்பதால் இலக்திக்கமிலம் தேங்குகிறது. நெடுங்காலச் சோகையில் இதயத் தசைக்குள் கொழுப்புத் துளிகள் படிந்து, மஞ்சளும் செம்பழுப்புமாக வரி விழும். பிணப் பரிசோதனையில் இதனைக் கண்ட மருத்துவர்கள் ‘புலிவரி இதயம்’ என்றனர். மலையேறும்போது நெஞ்சு படபடத்த தொழிலாளியின் இதயம் இதுவே.

இந்நிலைவரை காயம் மீளத்தக்கது. புழு நீங்கி இரும்பு கிடைப்பின் கலம் பழைய உருவை எய்தும். எல்லை கடந்தாலோ மென்சவ்வு கிழிகிறது. கல்சியம் வெள்ளமெனப் புகுகிறது. கலத்தின் நொதியங்களே அதனைச் செரிக்கின்றன. கரு சுருங்கித் துணுக்காகிக் கரைகிறது. இந்தச் சாவிலும் வகை உண்டு. குருதி தடைப்பட்ட இதயத் தசை முதலில் உறைந்தாற்போல் உருவங் காத்து நிற்கும். மூளை நீராய்க் கரையும். கசநோய் கண்ட இடம் பாற்கட்டிபோல் ஆகும். இவற்றின் வேறாக, கலம் தானே ஒழுங்காக மடிந்து உதிர்வதும் உண்டு. அதற்கு 1972இல் மூவர் இட்ட கிரேக்கப் பெயர் இலையுதிர்வைக் குறிப்பது.

ரொக்ஃபெல்லர் நிறுவனத்தின் புழு ஒழிப்பு இயக்கம் 1916இல் மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கிற்று. தைமோலும் கீனோபோடியம் எண்ணெயும் பேதியுப்புடன் கொடுக்கப்பட்டன. 1920களில் மண்டபம் முகாமிலேயே, கடல் கடக்குமுன், புழுமருந்து புகட்டப்பட்டது. உழைப்புப் பெருகும் என்பதால் மருந்தை வரவேற்ற தோட்ட நிர்வாகங்கள், மலகூடம் கட்டும் செலவு என்றதும் தயங்கின. மருந்துண்டவர் மீண்டும் அதே மண்ணில் நடந்தனர், புழுவும் மீண்டது. இதற்குத் தொழிலாளரின் அறியாமையைக் குறைகூறுவது நேர்மையாகாது.

இவ்விடத்தில் வரலாறு ஒரு விந்தையான திருப்பம் கொள்கிறது. அமெரிக்க விலங்கு மருத்துவ ஆய்வாளர் மோரிஸ் ஹோல் 1921இல் காபன் நாற்குளோரைட்டைப் புழுமருந்தாக அறிமுகஞ் செய்தார். தாமே அதனை விழுங்கியும் பார்த்தார். மலிவானது, புழுவை நன்கு கொல்வது. இலங்கையிலும் அது வழங்கப்பட்டது. டொகர்ட்டி, பர்ஜெஸ் என்னும் இருவர் ஈரலில் அது செய்யும் மாற்றத்தைப் பற்றி 1922இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினர். ஐயம் வீணன்று. இப்பொருள் தன்னளவிற் கொடியதன்று. ஈரற்கலத்தின் நொதியங்கள் அதனை உடைக்கும்போது பிறக்கும் கட்டற்ற மூலிகமே சவ்வின் கொழுப்பை அரிக்கிறது. புரதம் ஆக்கும் தொழில் நிற்க, வெளியேற வழியற்ற கொழுப்பு உள்ளே தேங்குகிறது. அந்த நொதியங்கள் மிகுந்த ஈரற்சோணையின் நடுப்பகுதி முதலில் மடிகிறது. மது அருந்துவோருக்கு ஆபத்து பன்மடங்கு. 1960களில் ரிச்சர்ட் ரெக்னேகல் போன்றோர் இவ்வழியைத் துலக்கினர்.

ஒட்சிசன் குறைவால் ஒரு காயம். அதனைத் தீர்க்க வந்த மருந்தால் வேறொரு காயம். இரண்டையும் தாங்கியது ஒரே தொழிலாளியின் உடலே. 1925இல் வந்த நாற்குளோரோ எதிலீனும், பின்னர் மெபென்டசோலும் அல்பென்டசோலும் பழைய மருந்தை அகற்றின. இன்று காபன் நாற்குளோரைட்டு ஆய்வுகூட எலியின் ஈரலைக் காயப்படுத்திப் படிப்பதற்கும் பயன்படுகிறது. இலங்கையில் 1994 முதல், கருவுற்ற தாய்மாருக்கு முதல் மூன்று மாதம் கழிந்தபின் மெபென்டசோல் கொடுப்பது அரசின் சுகாதாரக் கொள்கையாயிற்று.